பட்டறைப் பக்கம்: லோடர் முக்குது, பம்ப்பை மாத்தணுமா?

கேள்வி: அண்ணே, எங்க செங்கல் சூளையில மண்ணு அள்ள பழைய டிராக்டர் லோடர் ஒண்ணு ஓடுது. டிராக்டருக்கு 20 வயசுக்கு மேல ஆச்சு. காலையில ஸ்டார்ட் பண்ணினா ஜம்முனு தூக்குது, பதினோரு மணி வாக்குல ஆயில் சூடானதும் முக்கால் பக்கெட் மண்ணுக்கே முக்குது, ஆக்ஸிலேட்டரை ஏத்தினா கொஞ்சம் பரவால்ல. போன வருஷம்தான் லோடரோட ஹைட்ராலிக் பம்ப்புக்கு சீல் கிட் (புது ரப்பர் சீல் செட்டு) போட்டோம். இப்போ மெக்கானிக் வந்து பாத்துட்டு பம்ப் அவ்ளோதான், புதுசு வாங்குங்கன்னுட்டாரு. வாங்கிடவா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: தம்பி, அவசரப்படாதீங்க. மெக்கானிக் சொல்றது சரியாவும் இருக்கலாம், ஆனா நீங்க சொல்ற அறிகுறி பம்ப்புக்கு மட்டும் சொந்தமில்ல. சூடானா ஆயில் தண்ணியாகும், உள்ளுக்குள்ள எங்க தேய்மானம் இருந்தாலும் அது வழியா ஓடிடும், பம்ப்புலயும் ஓடும், சிலிண்டர் சீல்லயும் ஓடும், பிரஷர் அளவுக்கு மேல ஏறினா ஆயிலை டாங்குக்கே திருப்பி விடுற ரிலீஃப் வால்வ்லயும் ஓடும். வெளிய இருந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரி தான் தெரியும்.

மொதல்ல காசே செலவில்லாத ஒரு சோதனை பண்ணுங்க. ஆயில் நல்லா சூடானப்புறம் பூம் (பக்கெட்டைத் தாங்குற கை) தூக்குற லிவரையும் பக்கெட் மடக்குற லிவரையும் தனித்தனியா போட்டுப் பாருங்க. ரெண்டுமே சோம்பேறியா இருந்தா கோளாறு ரெண்டுக்கும் பொதுவான இடத்துல, அதாவது டாங்க், டாங்க்ல இருந்து பம்ப்புக்கு ஆயில் போற சக்ஷன் ஹோஸ், பம்ப், ரிலீஃப் வால்வ். பக்கெட் சுறுசுறுப்பா இருந்து பூம் மட்டும் முக்கினா பம்ப்பை தொடவே வேணாம், பூம் சிலிண்டரையோ அதுக்கு ஆயில் விடுற வால்வையோ பாருங்க. இதை பாக்காமலேதான் பாதி பேரு பம்ப்பை கழட்டுறாங்க.

அடுத்தது, லேட்டா தூக்குதா இல்ல தூக்கவே மாட்டேங்குதாங்கறது. ரெண்டும் வேற வேற. காலி பக்கெட்டே மெதுவா ஏறுதுன்னா சிலிண்டருக்குப் போய்ச் சேர்ற ஆயில் பத்தல. காலியா வேகமா ஏறி லோடு வந்ததும் நின்னா பிரஷர் பத்தல. ஒரு கணக்கு சொல்றேன் கேளுங்க. பூமுக்கு ரெண்டு சிலிண்டர், உள்விட்டம் 63 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (ராடு நீளுற தூரம்) 500 மில்லிமீட்டர்னு வச்சா ஒரு சிலிண்டர் நிறைய சுமார் 1.5 லிட்டர் ஆயில் வேணும், ரெண்டுக்கும் 3 லிட்டருக்கு மேல. ஒரு சுத்துக்கு 20 சிசி தள்ளுற பம்ப் 2000 சுத்துல நிமிஷத்துக்கு 40 லிட்டர் தரணும், கசிவு போக 36 வச்சுக்கங்க, அப்போ பூம் மேல போக அஞ்சு செகண்டுதான் ஆகணும். உங்க அளவைப் போட்டு இதே கணக்கை பண்ணிட்டு, போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு காலையில ஒரு தடவை, சூடான பிறகு ஒரு தடவை பாருங்க. காலையில 6 செகண்டு, மத்தியானம் 12 செகண்டுன்னு வந்தா பாதி ஆயில் எங்கயோ திரும்பி ஓடுதுன்னு அர்த்தம்.

இப்போ சக்ஷன் பக்கம், இதுல நானே அடி வாங்கியிருக்கேன். ஒரு லோடருக்கு புது பம்ப் போட்டுட்டு ஓட்டினா அதே முக்கல், மூணு நாள் மண்டைய பிச்சுக்கிட்டு கடைசியில சக்ஷன் ஹோஸை அறுத்துப் பாத்தா, வெளிய புதுசு மாதிரி இருந்த ஹோஸுக்கு உள்ள ரப்பர் உரிஞ்சு நாக்கு மாதிரி தொங்குது! ஆயில் சூடானா ரப்பர் இளகி வழியை அடைச்சிடுது, ஆறினா திரும்ப சரியாகிடுது. உங்க வண்டியில பம்ப் உய்யுய்னு கத்துதா? அப்போ ஹோஸை மாத்துங்க, டாங்க் உள்ள இருக்கற சல்லடையையும் எடுத்து டீசல்ல கழுவுங்க. கரகரன்னு கூழாங்கல்லு உருட்டுற மாதிரி சத்தம் வந்து ஆயில்ல நுரை நிக்குதுன்னா காத்து இழுக்குது. சக்ஷன் ஜாயின்ட் சுத்தி கிரீஸை அப்பிட்டு ஓட்டுங்க, சத்தம் மாறினா அங்கதான் ஓட்டை. அந்த எடத்துல ஓடும்போது ஆயில் வெளிய கசியாது, காத்துதான் உள்ள போகும், அதனால கண்ணுக்கு தெரியாது. பம்ப் ஷாஃப்ட் சீலும் காத்து இழுக்கும். இன்ஜின் கியர்ல நேரா மாட்டின பம்ப்னா அதே சீல் வழியா ஹைட்ராலிக் ஆயில் இன்ஜினுக்குள்ள போகும், இன்ஜின் ஆயில் லெவல் ஏறுதான்னு டிப்ஸ்டிக்ல பாருங்க.

இதெல்லாம் சரின்னா பிரஷர் கேஜ் மாட்டித்தான் ஆகணும். பம்ப்புல இருந்து ஆயில் வெளிய போற லைன்ல T ஜாயின்ட் போட்டு மாட்டி, ஆர்.பி.எம். ஏத்தி பூமை கடைசி வரைக்கும் தூக்கி லிவரை ரெண்டு மூணு செகண்டு மட்டும் பிடிங்க, ஆயில் ஆறியிருக்கும்போது ஒரு தடவை, சூட்டுல ஒரு தடவை. வண்டி புக்குல போட்டிருக்கற பிரஷர் வரலேன்னா ரிலீஃப் வால்வை கழட்டி சீட்ல தூசி, உடைஞ்ச ஸ்பிரிங் இருக்கான்னு பாத்து சுத்தம் பண்ணுங்க. அப்புறம் ரிலீஃப் வால்வோட பிரஷர் ஸ்க்ரூவை அரை சுத்து உள்ள கொடுத்துப் பாருங்க, கேஜ் ஏறினா பம்ப் நல்லா இருக்கு. ஏறலேன்னா ஸ்க்ரூவை பழைய இடத்துக்கே கொண்டு வந்துட்டு பம்ப்பை இறக்குங்க. கேஜ் இல்லாம ஸ்க்ரூவை முறுக்குற வேலை மட்டும் வேணவே வேணாம், ஹோஸ் வெடிச்சா ஆளுக்கே ஆபத்து. கசிவை கையால தடவிப் பாக்கவும் கூடாது, ஊசி மாதிரி வர்ற ஆயில் தோலைக் குத்தி உள்ள போயிடும், அட்டையை காட்டிப் பாருங்க.

பம்ப்பை பிரிச்சா பாடி உள்பக்கம் நகத்தால தடவிப் பாருங்க. ஆயில் உள்ள வர்ற பக்கம், பம்ப்புக்குள்ள சுத்துற கியர் உரசின லேசான தடம் புது பம்ப்புலயே விழும், அது கெடுதல் இல்ல. நகம் மாட்டுற அளவுக்கு பள்ளமா இருந்தா சீல் கிட் எத்தனை போட்டாலும் தண்டம், புதுசுதான். போன வருஷம் போட்ட கிட்ல, மூணு நம்பர் மாதிரி வளைஞ்ச சீல் இருந்திருக்குமே, அதை திருப்பிப் போட்டாலும் பிரஷர் வராது, அதையும் பாத்துடுங்க. புதுசு வாங்குறப்ப சுத்துற திசையை பாத்து வாங்குங்க, மாட்டினதும் உள்ள ஆயில் ஊத்தி நிரப்பிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, காஞ்சு ஓடினா அன்னைக்கே தேய்ஞ்சிடும்.

கேள்வி: ராத்திரி லோடர் பூமை தூக்கி நிறுத்திட்டுப் போனா காலையில கீழ கெடக்கு. பம்ப் வீக்கா?
– வாசகர், ஓசூர்

பதில்: இன்ஜின் ஆஃப்ல பம்ப்புக்கு என்னங்க வேலை? சிலிண்டர் சீலோ வால்வ் ஸ்பூலோ (லிவர் போட்டா வால்வுக்குள்ள நகர்ற தண்டு) ஆயிலை விடுது, அந்த ரெண்டைத்தான் பாக்கணும். அதோட இனிமே தூக்கி நிறுத்திட்டுப் போகாதீங்க, பக்கெட்டை தரையில வச்சிட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணி, லிவரை ரெண்டு பக்கமும் ஆட்டி பிரஷரை விட்டுட்டு வீட்டுக்குப் போங்க.