கண்ணுக்குக் கீழே கருவளையம்: மருந்தகத்து அக்காவிடம் கேளுங்கள்

பாயான் லெப்பாசில் இரவு ஷிப்ட் வேலை. நன்றாகத் தூங்கினால் கருவளையம் போய்விடுமா அக்கா?

கொஞ்சம் குறையலாம் தம்பி. தூக்கம் கெட்டால் முகம் வெளிறும், கண்ணுக்குக் கீழே தோல் மெல்லியது என்பதால் உள்ளே ஓடும் இரத்தக் குழாய் வெளியே தெரியும். ஆனால் நம் நிறத்தவர் பலருக்கு இது பரம்பரையாக வரும் நிறமி. முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். சன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழ் இமைத் தோலை மெல்ல இழுங்கள். கருப்பு தோலோடு நகர்ந்து, அப்படியே இருந்தால் நிறமி. ஊதா நிறம் அழுத்தமாகத் தெரிந்தால் இரத்தக் குழாய். முகத்தை நிமிர்த்தி விளக்கைப் பார்த்ததும் மறைந்தால் வெறும் பள்ளத்தின் நிழல். அதற்குக் கிரீம் வாங்குவது காசுக்குக் கேடு.

மகனுக்கு ஒன்பது வயதிலேயே கண்ணைச் சுற்றிக் கருப்பு. காலையில் அடுக்குத் தும்மல். ஃபோன்தான் காரணம் என்கிறார் மாமியார். (செந்தூல்)

அந்தத் தும்மலைக் கவனியுங்கள். மூக்கு ஒவ்வாமையாக இருக்கலாம். மூக்கு அடைத்தால் கண்ணுக்குக் கீழே இரத்தம் தேங்கும். அரிக்கிறது என்று கசக்கக் கசக்கத் தோல் இன்னும் கருக்கும். உள்ளங்கையால் மூக்கு நுனியை மேலே தள்ளித் தேய்க்கிறானா? அதுவும் ஒவ்வாமையின் அடையாளம்தான். நம் ஊர் ஈரத்துக்கு மெத்தையில் ஒவ்வாமையைத் தூண்டும் தூசிப்பூச்சி நன்றாகக் கொழிக்கும். தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுநீரில் துவையுங்கள். அப்புறம் டாக்டரிடம் காட்டுங்கள். மாமியாரிடம் சண்டை வேண்டாம், ஃபோனைக் குறைப்பதும் நல்லதுதான்.

எலுமிச்சைச் சாறு தடவலாமா?

ரசத்தில் பிழியுங்கள். கண்ணருகே எரிச்சல் தந்து, வெயில் பட்டால் இன்னும் கருக்கும்.

ஆன்லைனில் ஏழே நாளில் வெளுக்கும் கிரீம், 15 வெள்ளிதான். வாங்கலாமா? (பிரிக்பீல்ட்ஸ்)

வேண்டவே வேண்டாம். இப்படிப்பட்டவற்றில் பாதரசமோ, ஹைட்ரோகுவினோன் என்ற வெளுக்கும் இரசாயனமோ ஒளிந்திருக்கலாம். மலேசியாவில் சருமத்தை வெளுக்கும் அழகு கிரீம்களில் இரண்டுக்கும் அனுமதியில்லை. எதை வாங்கினாலும் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ-வின் இணையத்தளத்தில் அதன் அறிவிப்பு எண் இருக்கிறதா என்று தேடுங்கள். நிறமி வகை என்றால் தினமும் சன்ஸ்கிரீன், காலையில் வைட்டமின் சி, இரவில் அரிசியளவு ரெட்டினோல் என்ற வைட்டமின் ஏ கிரீம் (கர்ப்பிணிகளுக்கு ரெட்டினோல் கூடாது). பலன் தெரிய மாதங்கள் ஆகும். மாதவிடாய் அதிகமாகி எப்போதும் சோர்வாக இருந்தால் அரசு கிளினிக்கில் இரத்தச் சோகைக்கும் பார்த்துவிடுங்கள்.

கண்ணுக்குக் கீழுள்ள பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசியைச் சலூனிலேயே போடுகிறார்களே?

அதற்கென்று பயிற்சி பெற்ற டாக்டர் தவிர யாரிடமும் போடாதீர்கள். மருந்து இரத்தக் குழாயில் ஏறினால் பார்வையே போகலாம்.