ஒட்டோ கியர் ஒயில் கூலர்: மலையேறும் வாகனக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏப்ரல் சீசன் நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒட்டோ கியர் வாகனத்துக்குத் தனியாக ஒயில் கூலர், அதாவது கியர் ஒயிலைக் குளிர வைக்கும் சின்ன ரேடியேட்டர், பூட்டுவது பற்றித்தான். நல்ல விஷயம். ஆனால் பாதிப் பேர் மாடலையும் வருஷத்தையும் எழுதவில்லை. "என்னுடைய டபுள் கெப்" என்று மட்டும் எழுதினால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? மாடல், எஞ்சின், ஏற்றும் பாரம், ஓடும் ரோட்டு, இந்த நாலையும் எழுதுங்கள்.

கேள்வி: காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாத ஊரில் இருக்கிறோம். இங்கே ஒயில் கூலர் எதற்கு? (நானுஓயா)

பதில்: கியர் ஒயில் வெயிலால் சூடாவதில்லை. எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியருக்குக் கொடுக்கும் டோர்க் கன்வேட்டர் வழுக்கும்போது எஞ்சின் சக்தியில் ஒரு பங்கு அப்படியே ஒயிலில் சூடாக இறங்குகிறது. தட்டையான ரோட்டில் வேகம் பிடித்ததும் கன்வேட்டருக்குள் லொக் விழுந்து இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுற்றும், வழுக்கல் நிற்கும், சூடும் இறங்கும். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறக்குறைய 1400 மீட்டர் ஏறுகிறீர்கள். றம்பொடை வளைவுகளில் முன்னால் ஒரு பஸ் போனால் 20, 25 கிலோமீட்டர் வேகம்தான், அந்த வேகத்தில் லொக் விழாது, காற்றும் முகப்பில் அடிக்காது. மேலே போகப் போகக் காற்றே மெலிந்துவிடுகிறது, 1900 மீட்டர் உயரத்தில் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதே ஃபேன் சுற்றினாலும் சூட்டைக் குறைவாகத்தான் எடுத்துப் போகும். ஊர்க் குளிர் அதைக் கொஞ்சம் ஈடு செய்யும், முழுக்க அல்ல.

கணக்கு இதுதான்: 80, 90 டிகிரியில் ஒயில் சுகமாக இருக்கும். 110 வந்தால் கவனிக்க வேண்டும், 120 தாண்டினால் ஓரம் கட்ட வேண்டும். 80க்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. வாகனத்தின் கம்ப்யூட்டரிலிருந்து சூட்டைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகி, ஒரு ஏற்றம் முழுக்கப் பார்த்துவிட்டு வந்து கூலர் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். அளக்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: என்னுடையது கேன்டர் லொறி, மெனுவல் கியர். இதற்கும் கூலர் பூட்டலாமா? (கினிகத்தேனை)

பதில்: வேண்டாம். மெனுவல் கியரில் வழுக்கிச் சூடாக்கும் டோர்க் கன்வேட்டர் கிடையாது. அந்தக் காசுக்கு கியர் பொக்ஸ் ஒயிலையும் டிஃப் (டிஃபரென்ஷியல்) ஒயிலையும் மாற்றுங்கள், பிரேக்கைக் கழற்றிப் பாருங்கள்.

கேள்வி: டபுள் கெப்பில் தலவாக்கலையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிறேன். திரும்பி வரும்போதும் ஏதாவது பாரம் இருக்கும். எந்த வகை, எந்த சைஸ் வாங்குவது?

பதில்: கடையில் மூன்று வகை இருக்கும். வளைந்து வளைந்து போகும் ஒரே குழாயில் தகடு கோத்தது மலிவு, மலைக்குப் போதாது. தட்டையான குழாய்களும் தகடுகளும் கலந்தது நடுத்தரம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்டேக்டு பிளேட் வகைதான் உங்களுக்கு. அதே இடத்தில் அதிகச் சூட்டை எடுக்கும், காலைக் குளிரில் தடித்த ஒயிலும் அதில் அடைபடாமல் போகும். ஒரு டன் ஏற்றும் டபுள் கெப்புக்கு 11 அங்குலத்துக்கு 8 அங்குலம் அளவில் ஒன்று போதும். பெரியது பூட்டினால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரை முழுக்க மூடும் அளவுக்குப் பெரியதைப் பூட்டினால் ரேடியேட்டருக்குப் போகும் காற்று குறையும், கியரைக் காப்பாற்றப் போய் எஞ்சினைச் சூடாக்கிக்கொள்வீர்கள்.

கேள்வி: ரேடியேட்டரை விட்டுவிட்டு நேராகக் கூலருக்கு லைன் போட்டுவிடலாம் என்று கராஜில் சொல்கிறார்கள். சரியா? (வெலிமடை)

பதில்: பொதுவாகச் சரியில்லை. ஒயில் கியர் பொக்ஸிலிருந்து ரேடியேட்டருக்கு, அங்கிருந்து கூலருக்கு, அங்கிருந்து கியர் பொக்ஸுக்குத் திரும்ப வேண்டும். கூலர் கடைசியாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் விடியற்காலையில் ஒயில் தடித்துக் கிடக்கும். ரேடியேட்டருக்குள் இருக்கும் அந்தச் சின்னப் பகுதிதான் எஞ்சின் தண்ணீரின் சூட்டை வாங்கி அதை இளக வைக்கிறது. அதை வெட்டிவிட்டால் கியர் மாறுவது காலையில் கனமாக இருக்கும், மேல் கியர் பிடிக்கவும் நேரமாகும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ரேடியேட்டருக்குள் இருக்கும் அந்தப் பகுதி வெடித்தால் தண்ணீரும் கியர் ஒயிலும் கலந்துவிடும். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையான பாத்ஃபைண்டர், ஃப்ரன்டியர் மாடல்களுக்கு இதனாலேயே நிசான் ரேடியேட்டர் உத்தரவாதத்தை நீட்டிக் கொடுத்தது. அந்த வகை வாகனம் வைத்திருப்பவர்கள் ரேடியேட்டரைப் புதிதாக மாற்றுங்கள், அதுவரை லைனைத் தனியாகப் பிரித்து ஓடினால் நான் குறை சொல்ல மாட்டேன். டிப் ஸ்டிக்கில் ஒயில் ஃபலூடா நிறத்தில் வந்தால் வாகனத்தை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். ரேடியேட்டர் தண்ணீரில் இருக்கும் கூலன்ட் உள்ளே கிளட்ச் தகடுகளின் பசையைக் கரைக்கும். வெறும் ஒயில் மாற்றி அதிலிருந்து தப்ப முடியாது.

கேள்வி: ஏற்றத்தில் ஏடி ஒயில் டெம்ப் (கியர் ஒயில் சூடு) விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டுமா?

பதில்: நிறுத்தாதீர்கள். ஓரம் கட்டி கியரை பீ-யில் (பார்க்கிங்) போட்டு, ஏசியை அணைத்து, எஞ்சினை ஐட்லிங்கில் விடுங்கள். எஞ்சின் ஓடினால்தான் பம்ப் ஒயிலைக் கூலருக்கு அனுப்பும். விளக்கு அணைந்த பிறகு எல் (லோ கியர்) அல்லது 2-இல் போட்டு ஏறுங்கள்.

கேள்வி: போன மாதம் பதுளையில் ஒரு இடத்தில் கூலர் பூட்டினோம். 2 கிழமைகூட ஆகவில்லை, ஹோஸ் வெடித்து எல்லா ஒயிலும் ரோட்டில். கூலர் தரமில்லாததா? (பண்டாரவளை)

பதில்: கூலர்மேல் பழி போடாதீர்கள். என்ன ஹோஸ் போட்டார்கள் என்று கேட்டீர்களா? பில்லில் வெறும் "ஹோஸ்" என்றுதான் இருக்கும், எனக்குத் தெரியும்.

இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் தீராது போலிருக்கிறது. இப்படி ரோட்டில் நின்ற ஒரு டபுள் கெப்பை றம்பொடைக்குக் கீழே பார்த்தேன். பம்பரிலிருந்து பின் டயர் வரை அடிப்பக்கம் முழுக்க சிவப்பு ஒயில். ஹோஸை வெட்டி எடுத்தேன். வெளியே பார்த்தால் புத்தம் புதிது. உள்பக்கம் ஊதிப்போய், ஓட்டை பாதியாகச் சுருங்கியிருந்தது. நகத்தால் அழுத்தினால் நகம் உள்ளே போனது, கறுப்புப் பசை விரலில் ஒட்டியது. அது ஹீட்டருக்குப் போடும் தண்ணீர் ஹோஸ். அந்த ரப்பர் தண்ணீருக்குச் செய்தது, ஒயில் பட்டால் ஊதும். பூட்டிய கராஜ்காரருக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. தெரிந்துகொண்டே, கையில் இருந்ததைப் போட்டு அனுப்பிவிட்டார். வாகனத்தில் குழந்தைகள் இருந்தார்கள், வளைவில் நின்றது, பின்னால் பஸ் வரிசை. கோபம் வராமல் எப்படி?

பெற்றோல் ஹோஸ் போட்டால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். அது ஒயிலைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. கொஞ்ச மாதத்தில் காய்ந்து கிளிப் ஓரத்தில் கீறும். கியர் ஒயில் கூலர் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், மேலே எஸ்ஏஈ ஜே1532 என்று அச்சடித்திருக்கும், அந்த எழுத்தைக் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள். விலை வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய். கியர் பொக்ஸ் திறந்தால் லட்சங்கள். கிளிப்பும் அப்படித்தான், துளை வெட்டிய ஜூபிலி கிளிப் இந்த ஹோஸின் ரப்பரை அறுக்கும், ஓரம் மழுங்கிய, துளை இல்லாத கிளிப் போடுங்கள்.

சரி, ஹோஸ் மட்டுமா? கூலரோடு பெட்டியில் வரும் பிளாஸ்டிக் ஊசிகளை ரேடியேட்டர் தகட்டுக்குள் குத்தி இறுக்கிவிட்டு "முடிந்தது" என்கிறார்கள். கொழும்பு ரோட்டில் அது கொஞ்சக் காலம் நிற்கும். நம் தோட்டத்து ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் அது ஆடும், ஆடி ஆடி கண்டென்சரைத் தேய்த்து ஓட்டை போடும். பட்டை இரும்பில் நாலு பிராக்கெட் அடித்து, நடுவில் ரப்பர் புஷ் வைத்து, வாகனத்தின் பொடியில் போல்ட் போடுங்கள். கூலருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். குழாய் வாய்கள் மேலே அல்லது பக்கவாட்டில் இருக்க வேண்டும், கீழே பார்த்தால் காற்று அடைபடும். ஹோஸ் கூர்மையான தகட்டிலோ எக்ஸோஸ்ட் பக்கமோ படக்கூடாது. இவ்வளவும் ஒரு மத்தியானத்து வேலை. அதைச் செய்யப் பொறுமை இல்லாதவர் கையில் வாகனத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கியர் லேட்டாக விழுகிறது, சில நேரம் வழுக்குகிறது. கூலர் பூட்டினால் சரியாகுமா?

பதில்: மாடலும் இல்லை, வருஷமும் இல்லை, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றும் இல்லை. டிப் ஸ்டிக்கை இழுத்து ஒயிலை மணந்து பாருங்கள். கருகிய நாற்றமும் பழுப்பு நிறமும் என்றால் உள்ளே தகடு தேய்ந்துவிட்டது. தேய்ந்த தகட்டைக் கூலர் வளர்த்துத் தராது. கியர் பொக்ஸ் செய்யத் தெரிந்தவரிடம் போங்கள்.

கேள்வி: கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய கூலர் மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: கூடாது. யாரோ ஒருவருடைய செத்த கியர் பொக்ஸின் இரும்புத் தூள் அதற்குள் இருக்கும். என்ன கழுவினாலும் முழுக்க வராது.

கேள்வி: மஸ்கெலியா பக்கம் கொழுந்து ஏற்றுகிறேன். தோட்டத்து ரோட்டில் 10, 15 கிலோமீட்டர் வேகம்தான். கூலர் பூட்டியும் சூடு 115க்கு ஏறுகிறது அண்ணே.

பதில்: கடிதத்தில் மாடல், பாரம், சூடு எல்லாம் எழுதியிருக்கிறீர்கள் தம்பி, எல்லோரும் இப்படி எழுத வேண்டும். அந்த வேகத்தில் கூலருக்குக் காற்றே கிடைப்பதில்லை. சூடானதும் எஞ்சின் ஃபேனை வேகமாகச் சுற்ற வைக்கும் ஃபேன் கிளட்ச் சரியாக இழுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய டீசல் வாகனங்களில் பாதிக்கு அது செத்திருக்கும். அது சரியென்றால் கூலர்மேல் சின்ன மின் ஃபேன் ஒன்று போட்டு, 80 டிகிரி அளவில் தானாக ஓடும் சுவிட்ச் வைத்து, தனி ரிலேயும் ஃபியூஸும் கொடுங்கள். டீ-யில் (டிரைவ்) போட்டு ஏறுகிறீர்களா? எல்-இல் போட்டு ஏறுங்கள், அதிலேயே சூடு நன்றாக இறங்கும். இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். டீசல் மிச்சமாவதாக நினைப்பு, உண்மையில் பிரேக்தான் எரிகிறது.

கேள்வி: வீட்டிலேயே பூட்டப் போகிறேன். இரண்டு லைனில் எது திரும்பும் லைன்? ஒயில் எவ்வளவு ஊற்றுவது? (ஹட்டன்)

பதில்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்கு அடியில் இரண்டு லைனையும் தொட்டுப் பாருங்கள். முதலில் சூடாவது கியர் பொக்ஸிலிருந்து வருவது, மற்றது திரும்புவது. திரும்பும் லைனைத்தான் வெட்டிக் கூலரை நடுவில் போட வேண்டும். கூலரும் ஹோஸும் சேர்ந்து அரை லீட்டர் அளவு கூடப் பிடிக்கும். உங்கள் கியர் பொக்ஸுக்கு எழுதியிருக்கும் ஒயிலையே ஊற்றுங்கள். டபிள்யூஎஸ் வகை ஒயில் கேட்கும் கியருக்கு டெக்ஸ்ரோன் வகை ஒயில் வேண்டாம், சிவப்பெல்லாம் ஒன்று என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். பெரும்பாலான வாகனங்களில் ஒயில் சூடாகி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பீ-யில் வைத்து லெவல் பார்க்க வேண்டும். உங்கள் கையேட்டைத் திறந்து ஒருமுறை உறுதிப்படுத்துங்கள். முதல் நாள் கினிகத்தேனை வரை இறங்கி ஏறிவிட்டு வந்து, ஒயில் ஆறியதும் நாலு கிளிப்பையும் மறுபடி இறுக்குங்கள்.