ஜி.பி.ஏ. குறைந்தால் நர்சிங் கனவு கலையுமா?

கேள்வி: கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) படிக்கும் என் மகளின் ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடப்படும் சராசரித் தரப்புள்ளி) 2.4 தான். அங்கேயே நர்சிங்கில் இடம் கிடைக்குமா?

பதில்: மனம் தளர வேண்டாம், அம்மா. அங்குள்ள பல கல்லூரிகள், உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகிய முன்தகுதிப் பாடங்களின் தரத்தையும், பெரும்பாலும் 62 சதவீதம் எதிர்பார்க்கப்படும் ‘டீஸ்’ (TEAS) என்ற நர்சிங் நுழைவுத் தேர்வையும் முக்கியமாகப் பார்க்கின்றன. டி, எஃப் என்ற குறைந்த தரங்கள் வாங்கிய பாடங்களை மீண்டும் எடுத்துப் படிக்கலாம். ஆனால் தேர்ச்சித் தரமான சி வாங்கியதை உயர்த்திக்கொள்ளப் பொதுவாக அனுமதியில்லை; முதல் முறையிலேயே நல்ல தரம் வாங்க வேண்டும் என்பதால், ஆய்வக வேலை மிகுந்த இரண்டு அறிவியல் பாடங்களை அவர் ஒரே பருவத்தில் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தகுதி பெற்றவர்களிடையே குலுக்கல் நடத்தும் கல்லூரிகளும் உண்டு; அவற்றுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.