மகள் கிராம சபையில் பேசுகிறாள், படிப்பு என்ன ஆகும்?

ஐயா, இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணிதம் படிக்கும் உங்கள் மகள், ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து, மேல்நிலைத் தொட்டியை ஏன் இத்தனை நாளாகக் கழுவவில்லை என்று கேட்டிருக்கிறாள். தொட்டித் தூணில் எழுதியிருந்த தேதியையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தாளாம். "படிக்க அனுப்பினால் ஊர்ப் பஞ்சாயத்து பேசுகிறாள்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதுதான் உங்களுக்கு வருத்தம்.

ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள்தான். அங்கே அவள் கேட்டது யார் வீட்டு விவகாரமும் இல்லை. தேதியைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டாள் பாருங்கள், அந்தப் புத்தியைக் கல்லூரியில் காசு கட்டினாலும் சொல்லித்தர மாட்டார்கள்.

சரி, வேலை விஷயத்துக்கு வருவோம். கிராம சபையில் பேசியதற்காக டி.என்.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வில் அரை மார்க்கும் கிடைக்காது. அரியர் விழுந்தால் இந்தச் சேவையைக் காட்டிச் சமாளிக்கவும் முடியாது. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். செமஸ்டர் தேர்வு நேரத்தில் ஊர் வேலை வேண்டாம். வருடத்துக்கு ஆறு கிராம சபைகள்தான் என்பதால் இது முடியாத காரியம் இல்லை.

இந்த அனுபவம் உதவுவது நேர்முகத் தேர்வு இருக்கும் இடங்களில். யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வின் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்முகத்துக்கு மட்டும் 275. விண்ணப்பத்தில் எழுதியதைப் பிடித்துக்கொண்டுதான் பல கேள்விகள் வரும். சமூகப்பணி முதுகலை, ஊரக வளர்ச்சிப் படிப்பு, பட்டதாரிகளைக் கிராமங்களுக்கு அனுப்பும் எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா மாதிரியான ஃபெலோஷிப் ஆகியவற்றிலும் அப்படித்தான். அங்கே "சமூக சேவையில் ஆர்வம் உண்டு" என்று எல்லோரும் எழுதியிருப்பார்கள். அந்த வரியை யாரும் படிப்பதுகூட இல்லை.

அதனால் அவளை ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். என்ன பிரச்சினை, எத்தனை வீடு, யாரிடம் எந்தத் தேதியில் மனு கொடுத்தாள், என்ன பதில் வந்தது, தொட்டியைக் கழுவினார்களா இல்லையா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். மனு நகல், தீர்மான நகல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைக்கட்டும். ஊராட்சியில் பதில் சொல்லாவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வேலை நடக்காமல் போனாலும் பரவாயில்லை. ஏன் நடக்கவில்லை என்று விளக்கத் தெரிந்த பிள்ளையை நேர்முகத்தில் மறக்க மாட்டார்கள்.

கல்லூரியில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) இருந்தால் சேரச் சொல்லுங்கள். இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவையும், ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமும் முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். தனியாகச் செய்வதைவிட அது அவளுக்குப் பாதுகாப்பும்கூட.

அப்புறம், கட்சிக்காரர்கள் கூப்பிடுவார்கள், ஃப்ளெக்ஸில் படம் போடுகிறோம் என்பார்கள். படிப்பு முடியும்வரை எந்தக் கொடியும் வேண்டாம் என்பது என் கருத்து. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க எப்படியும் 21 வயது ஆக வேண்டும். தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கு. அப்போது ஆசை இருந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

ஊர்ப் பேச்சுக்கு நான் சொல்லும் மருந்து, அக்டோபர் 2 கூட்டத்துக்கு நீங்களும் போய் உட்காருவது. அப்பா பக்கத்தில் இருந்தால் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

மூன்றாம் ஆண்டில் சி.யு.இ.டி. எனப்படும் பொது நுழைவுத் தேர்வின் முதுகலை அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் இரண்டுக்கும் அதுதான் வழி. வெளியூர் அனுப்ப மனம் ஒப்பாவிட்டால் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒருமுறை அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.