முன்மொழிவு திரும்பி வந்ததற்குப் பட்டம் காரணமில்லை

மெக்கானிக்கல் முடித்து, திருப்பூரில் இரண்டு வருடம் வேலை. 'தையல் தொழிலாளர்களுக்கு ஏற்ற நாற்காலி' என்று அனுப்பிய பிஎச்டி முன்மொழிவு 'ரொம்ப விரிவு' என்று திரும்பிவிட்டது, எம்.டெஸ் (வடிவமைப்பில் முதுகலைப் பட்டம்) படித்துவிட்டு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குவாஹாட்டி ஐஐடி, பெங்களூரு ஐஐஎஸ்சி போன்ற இடங்களின் வடிவமைப்புத் துறைகளில் பொறியியல் படித்தவர்களும் ஆய்வு செய்கிறார்கள். தகுதி விதியை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்காக மட்டும் எம்.டெஸ் வேண்டாம்.

சிக்கல் கேள்வியில் இருக்கிறது. நாற்காலி என்பது விடை; அதை முதலிலேயே எழுதிவிட்டீர்கள். தைப்பவரின் கண் ஊசியைப் பார்க்க வேண்டும், கால் பெடலில் இருக்க வேண்டும், கை துணியைத் தள்ள வேண்டும். மூன்றும் சேர்ந்து உடம்பைப் பூட்டிவிடுகின்றன. நாற்காலியை மட்டும் மாற்றினால் கழுத்து குனிந்தபடியேதான் இருக்கும். மேசைச் சாய்வு, பெடல் தூரம், இரண்டில் ஒன்றை எடுங்கள்.

1993இல் மெக்அடாம்னியும் கார்லெட்டும் வெளியிட்ட ரூலா, வேலையில் உடம்பு இருக்கும் நிலையால் வரும் பாதிப்பை மதிப்பிடும் முறை. அதில் 1 முதல் 7 வரை மதிப்பெண் வரும். 7 வந்தால் உடனே மாற்ற வேண்டும் என்று அர்த்தம். ஆனால் அது ஒரு கணத்து நிலையைத்தான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. அந்த 'ஏன்'தான் உங்கள் ஆய்வு. வீடியோ எடுத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கோணங்களை அளக்கலாம். மனிதர்களை அளப்பதால் நெறிமுறைக் குழு அனுமதிக்கு நேரம் ஒதுக்குங்கள்.

அப்புறம், பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைப்பவர், வேகம் குறைந்தால் உங்கள் மேசையைத் தொடவே மாட்டார். உற்பத்தி எண்ணிக்கையையும் சேர்த்து அளங்கள். தொழிற்சாலையில் இருந்தவர் என்பதால் இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முன்மொழிவில்தான் அது இல்லை.