சுமோவில் யோகோசுனா ஆக எத்தனை வெற்றி வேண்டும்?

தொடர்ந்து ஜெயித்தாலே சுமோ மல்யுத்தத்தின் உச்ச நிலையான யோகோசுனா ஆகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒரு படி கீழான ஓசெக்கி வரை கணக்கு ஓரளவு தெளிவு: மூன்று தொடர்களில் சேர்த்துச் சுமார் 33 வெற்றி. யோகோசுனாவுக்கு, ஓசெக்கியாக அடுத்தடுத்து இரண்டு பட்டம் அல்லது அதற்கு நிகரான ஆட்டம் வேண்டும், நடத்தையையும் பார்ப்பார்கள். அந்த இடத்துக்குப் பதவியிறக்கமே கிடையாது, ஆட முடியாவிட்டால் ஓய்வுதான்.

என்னைக் கேட்டால், ஒரு வீரரின் எதிர்காலம் முழங்காலில்தான் இருக்கிறது. 2015இல் ஓசெக்கி ஆன தெருனோபுஜி, முழங்கால் காயமும் நீரிழிவும் சேர்ந்து 2019இல் ஜோனிடான் வரை சரிந்தார். கடைசிக்கு முந்தைய பிரிவு அது. அங்கே மாதச் சம்பளம்கூடக் கிடையாது; மேலிருந்து இரண்டாவது பிரிவான ஜூரியோவுக்கு ஏறினால்தான் வரும். அங்கிருந்து மீண்டு 2021இல் யோகோசுனா ஆனார்! இதற்கு நேர்மாறாக, வேகமாக ஏறிய வீரர் ஓனோசாட்டோ: 2023இல் அறிமுகம், 2025இலேயே யோகோசுனா.