வளவில் தானாக முளைத்தது வடலியா, ஈச்சையா?

கிளிநொச்சிப் பக்கம் வேலியோரம் முளைத்த கன்று எது, பிடுங்கி வேறிடத்தில் நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள்.

வடலி, அதாவது பனங்கன்றின் முதல் இலைகள் விசிறியாக இருக்காது; அகன்ற வாள்போல, நீளவாக்கில் மடிப்போடு நிற்கும். விசிறி ஓலை வர சில வருடம் செல்லும். ஈச்சங்கன்றின் முதல் இலை புல்லைப்போல ஒடுங்கியது. வளர்ந்த ஈச்சையில் மட்டையின் அடிப்பக்க ஈர்க்கிலைகள் (மட்டையின் இருபுறமும் நிற்கும் சிற்றிலைகள்) முள்ளாகியிருக்கும். இன்னும் சந்தேகமென்றால் ஓர் ஈர்க்கிலையின் அடியைப் பாருங்கள்: ஈச்சையில் மடிப்பு மேல்நோக்கித் திறந்திருக்கும், தென்னையில் கீழ்நோக்கி. கமுகையும் கித்துளையும் (கூந்தற்பனை) குழப்ப இடமில்லை. கித்துள் இலை மீன்வால் மாதிரி.

வடலி என்றால் நின்ற இடத்திலேயே விடுங்கள். பனங்கொட்டை முளைக்கும்போது முளை முதலில் மண்ணுக்குள்தான் இறங்கும். நாம் கிண்டிச் சாப்பிடும் கிழங்கு அங்குதான் உருவாகிறது. அதனால் கன்றின் உயிர்நாடி ஆழத்தில் இருக்கும். மண்வெட்டியால் கிளப்பினால் பெரும்பாலும் அறுந்துவிடும், கன்று பிழைக்காது. வேறிடத்தில் பனை வேண்டுமென்றால் ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையை அங்கேயே, மாரி மழைக்கு முன் ஊன்றுங்கள். பத்தடி இடைவெளி போதும். வன்னியில் காட்டுப்பன்றி கிழங்கைக் கிண்டும், ஆகவே முள்வேலி கட்டாயம்.

ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. அதற்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலும் ஆகலாம். பெண்பனைதான் காய்க்கும்; ஆகவே நுங்கு வேண்டுமென்றால் ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்து கொட்டை போடுங்கள்.